மானுக்காகச் சாய்த்த மேப்பிள்: உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா?

கொம்பன்:
போன வாரம் இங்கே ஒரு பெரிய மனிதர், "வெண்வால் மான் வேண்டுமா, காட்டில் கை வைக்காதே" என்று எழுதிவிட்டுப் போனார். படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. பென்சில்வேனியாவில் எனக்கு 12 ஏக்கர் காடு இருக்கிறது. எல்லாம் 60, 70 வயசு மரம். மேலே குடை பிடித்த மாதிரி இலை, கீழே பொட்டு வெயில் கிடையாது. மான் வாய்க்கு எட்டுகிற நாலைந்து அடிக்குள் பச்சையே இல்லை. அங்கே மான் எதைத் தின்னும், நிழலையா? அதனால்தான் 3 வருடத்துக்கு முன் ஹின்ஜ் கட் செய்தேன். சிவப்பு மேப்பிளை இடுப்பு உயரத்தில் முக்கால்வாசி அறுத்து, ஒரு பக்கப் பட்டை ஒட்டியிருக்கச் சாய்த்துவிடுவது. மரம் படுத்தபடியே உயிரோடு இருக்கும், உச்சியில் இருந்த இலை மான் வாய்க்கு வரும். இன்றைக்கும் தளிர் விடுகிறது.

ஓக்மரத்தான்:
அந்தப் பெரிய மனிதர் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம், கூச்சம் வேண்டாம். என் பக்கத்து நிலத்துக்காரர் இப்படிச் சாய்த்ததில் பாதிக்கு மேல் இரண்டாம் வருடமே காய்ந்துபோனது. வெள்ளை ஓக் கொட்டை ஒரே வருடத்தில் முற்றும், துவர்ப்பும் குறைவு. மான் முதலில் தேடிப் போவது அதைத்தான். அதைத் தருவது முதிர்ந்த மரம், உங்கள் செயின்சா ரம்பம் இல்லை.

கொம்பன்:
ஓக்கைத் தொட்டேன் என்று எங்கே எழுதினேன்? மேப்பிள். மே-ப்-பிள். சுற்றி நிற்கும் மேப்பிளை எடுத்தால் உங்கள் ஓக்குக்குத்தான் வெயில். மரம் சாகவில்லை. தளிர் விடுகிறது.

ஓக்மரத்தான்:
தளிர் எங்கிருந்து வருகிறது? அடிக்கட்டையிலிருந்தா, படுத்துக் கிடக்கிற உச்சியிலிருந்தா? உச்சி செத்தாலும் மேப்பிள் அடிக்கட்டை தளிர்க்கும்.

கொம்பன்:
தளிர் என்றால் தளிர்தான்.

மிச்சிகன் மாறன்:
அண்ணே, எங்கள் மிச்சிகனின் வடக்கே, மேல் தீபகற்பத்தில் பனி கொட்டினால் மானெல்லாம் குளிரிலும் இலை உதிராத வெண்சீடர் (white cedar) மரங்களின் அடர்த்திக்குள் ஒதுங்கிவிடும். பனியையும் காற்றையும் அதுதான் தடுக்கிறது. அங்கே போய் "வெயில் வரட்டும்" என்று வெட்டினால் மான் கதி என்ன?

கொம்பன்:
தம்பி, நான் பேசுவது பென்சில்வேனியா. உங்கள் பனிப்புராணம் போன குளிர்காலமே கேட்டாயிற்று. ஹீட்டர் எது நல்லது என்று கேட்டதற்கும் சீடர் பற்றித்தான் சொன்னீர்கள்.

பெரணிக்காரி:
வெட்டுவதா வேண்டாமா என்று அடித்துக்கொள்கிறீர்களே, எத்தனை மான் என்று யாராவது கேட்டீர்களா? 1980களில் வடமேற்கு பென்சில்வேனியாவில் அமெரிக்க வனத்துறை வேலி போட்டு, ஒவ்வொரு அடைப்பிலும் வேறு வேறு எண்ணிக்கையில் மானை விட்டுப் பார்த்தது. சதுர மைலுக்கு 20 மானைத் தாண்டிய இடங்களில் நடுமட்டத்தில் கூடு கட்டும் பறவை குறைந்தது. மான் அதிகமான இடத்தில் மரத்தை வெட்டினாலும் நாற்று மேலே வரவில்லை, பெரணிதான் மண்டியது. பெரணியை மான் தொடுவதில்லை. மாமா இடத்தில் 8 அடி வேலிக்குள் நாற்று என் தோள் உயரம். வேலிக்கு வெளியே முழங்கால் வரைக்கும் பெரணி, அவ்வளவுதான்.

கொம்பன்:
ஆக, மானுக்காகக் காட்டைத் திருத்துவதற்கு மானையே சுடச் சொல்கிறீர்கள்.

பெரணிக்காரி:
ஆமாம். அதுவும் பெண் மானை. கொம்பை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் எண்ணிக்கை எப்படிக் குறையும்?

கொம்பன்:
என் பெயரை வைத்துக் கிண்டல் வேண்டாம், அம்மா. மரம் சாகவில்லை. நான் சொல்வது அது ஒன்றுதான்.

சும்மா_ஒருத்தன்:
அது வெண்வால் மானா, வெள்ளைவால் மானா?

ஓக்மரத்தான்:
முதலில் நீங்கள் ஒரு மானையாவது பார்த்துவிட்டு வாருங்கள்.
கொம்பன், பேச்சை மாற்றாதீர்கள். பாதி அறுக்கும்போதே தண்டு நெடுக்காகப் பிளந்து பின்னால் எத்தும். பக்கத்து நிலத்துக்காரருக்குத் தாடை போனது அப்படித்தான். இதைப் படித்துவிட்டு எவனாவது புதுசாகச் செயின்சா வாங்கினால் யார் பொறுப்பு?

கொம்பன்:
அவருக்கு அறுக்கத் தெரியவில்லை. அதனால்தான் மரமும் செத்தது, தாடையும் போனது. எனக்கு இரண்டுமே நன்றாக இருக்கிறது.

ஓக்மரத்தான்:
சரி, ஒரே வேலை. படுத்த உச்சிக் கிளையில் நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் உயிர், பழுப்பு என்றால் விறகு. படம் போடுங்கள்.

கொம்பன்:
கீறிப் பார்த்தாயிற்று. பளிச்சென்று பச்சை.

ஓக்மரத்தான்:
எங்கே கீறினீர்கள்?

கொம்பன்:
அடிக்கட்டையில்.

ஓக்மரத்தான்:
நான் கேட்டது உச்சியில்!

கொம்பன்:
சனிக்கிழமை துப்பாக்கி வேட்டை தொடங்குகிறது. இப்போது உள்ளே போனால் மான் கலைந்துவிடும். மே மாதம் போடுகிறேன்.

மிச்சிகன் மாறன்:
அண்ணே, அந்தச் சீடர்...