பிரீட்ரிக்கின் பனிக்காடு: அந்த இருளை எப்படிக் கொண்டுவருவது?

கேள்வி

வணக்கம். நான் உயர்தரத்தில் சித்திரம் படிக்கும் மாணவி. ஜேர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் பிரீட்ரிக் 1814 இல் வரைந்த, பனி மூடிய ஊசியிலைக் காட்டை நோக்கிப் பிரெஞ்சுப் படைவீரன் ஒருவன் தனியே நடந்து செல்லும் ஓவியத்தைப் பார்த்துக் கீறி வருகிறேன். ஊசியிலைக் காட்டை நான் நேரில் கண்டதில்லை என்பதால், காரைநகர் கசூரினா கடற்கரையிலுள்ள சவுக்கு மரங்களைப் பார்த்துப் பழகினேன். மூன்று முறை கீறியும் என் மரங்கள் கறுப்பு மதில் போலவே நிற்கின்றன. அவருடைய காடோ உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. எங்கே பிழை விடுகிறேன்?

பதில் 1

தங்கச்சி, முதலில் கறுப்பு வர்ணத்தை எடுத்து ஒதுக்கி வையுங்கள். பிரீட்ரிக் வெளியிடங்களில் தனித்தனி மரங்களைப் பென்சிலால் நுணுக்கமாகக் கீறிக்கொண்டு வந்து, ஓவியத்தை அறைக்குள் இருந்தே அமைத்தவர். வெளிர் பூச்சிட்ட துணியில் முதலில் கோட்டுருவத்தை வரைந்து, அதன் மேல் ஒளி ஊடுருவக்கூடிய மெல்லிய வர்ணப் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவார். அடிப்பூச்சில் பட்ட ஒளி அந்தப் படலங்களின் ஊடாகத் திரும்பி வருவதனால்தான், அவருடைய இருளுக்குள் கண் நுழைய முடிகிறது. நீர்வர்ணத்தில் நீலத்தையும் கபிலத்தையும் நன்றாக நீர்விட்டுக் கலந்து, ஒரு பூச்சு முழுதும் காய்ந்த பிறகே அடுத்ததைப் பூசுங்கள். ஈரத்தின்மேல் பூசினால் சேறாகிவிடும்.

பதில் 2

மேலே சொன்னது சரியே. ஆனால் சவுக்கும் உங்களை ஏமாற்றியிருக்கலாம். கசூரினாவில் எங்கே நின்றாலும் இரண்டு அடிமரங்களுக்கு இடையில் கடலின் வெளிச்சம் வெள்ளையாகத் தெரியும். பிரீட்ரிக் அப்படி ஓர் இடைவெளியையும் விடவில்லை. மேலே ஒரு துண்டு வானம், கீழே பனி, அவ்வளவுதான். முன்னால் நிற்கும் இளம் மரங்களின் கிளைகளில் பனி படிந்திருப்பதைக் கவனியுங்கள். அந்த வெள்ளை இருப்பதால்தான் பின்னாலுள்ள இருள் தூரப் போகிறது.

வீரனையும் பெரிதாக்க வேண்டாம். ஏறத்தாழ 66 சென்ரிமீற்றர் உயரமும் 47 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட அந்தச் சிறிய ஓவியத்தில், மரங்களுக்கு முன் அவன் விரலளவுகூட இல்லாதவன்போலத் தோன்றுகிறான். முகம் தெரியாது, வாளும் தலைக்கவசமும் குதிரைப்படையைச் சொல்கின்றன, குதிரையோ இல்லை. நெப்போலியனின் படை 1812 இல் ரஷ்யாவில் அழிந்து, 1813 இல் லைப்சிக்கில் தோற்ற பின்பு வரையப்பட்ட ஓவியம் இது.

மாணவி

மிக்க நன்றி. என் படத்தில் வீரன் அரைவாசி மரத்தின் உயரத்துக்கு இருக்கிறான் என்பதை இப்போதுதான் பார்க்கிறேன். முன்னால் அடிக்கட்டையில் இருக்கும் அண்டங்காகத்தை விட்டுவிடலாமா?

பதில் 2

விட வேண்டாம். அந்தக் காகம் வீரனுக்குச் சாவுப்பாட்டுப் பாடுகிறது என்று 1814 இலேயே பெர்லின் பத்திரிகை ஒன்று எழுதியது. எங்கள் வீட்டு வேலியில் காகம் கத்தினால் விருந்தாளி வருவார் என்போம். அங்கே அது எதிர்மாறான செய்தி. கறுப்பு வர்ணத்தை அந்தப் பறவைக்காக மட்டும் வைத்திருங்கள்.