உதவி தேவை: 1476 சுவிஸ் படை, யார் கையில் எந்த ஆயுதம்?

கேள்வி:
வணக்கம். 1476 மார்ச் 2 அன்று நடந்த கிரான்சன் போரைப் படக்கதையாக வரைகிறேன். பர்கண்டி (இன்றைய பிரான்சின் கிழக்கே இருந்த அரசு) கோமகன் சார்லஸின் குதிரைப்படை சுவிஸ் காலாட்படை மேல் பாயும் பக்கத்தில் சிக்கி நிற்கிறேன். சுவிஸ்காரர்கள் எல்லார் கையிலும் ஹால்பர்ட் கொடுத்திருக்கிறேன்: நீண்ட காம்பு, கோடரி அலகு, மேலே கூர்முனை, பின்னால் கொக்கி. நெருங்கி நின்றால் வீச இடமில்லை. விலகி நின்றால் குதிரை புகுந்துவிடும். கடைசிப் பக்கத்தில் ஹால்பர்ட்காரர்கள் எதிரிகளை வெட்டிச் சாய்க்க வேண்டும். எப்படிச் சரிசெய்வது?

பதில் 1:
வெளி வரிசைகளில் ஹால்பர்ட் வேண்டாம், பைக் கொடுங்கள். ஏறக்குறைய 5 மீட்டர் நீள ஈட்டி அது. முதல் சில வரிசைகளின் முனைகள் ஒன்றாக நீட்டிக்கொண்டிருந்தால் குதிரை நெருங்காது. குதிரை பாயும்போது அடிக்காம்பைத் தரையில் ஊன்றிக் காலால் மிதித்துப் பிடிப்பதாக வரையலாம். ஹால்பர்ட்காரர்கள் நடுவில், கொடிகளைச் சுற்றி நிற்கட்டும். வரிசை உடைந்தாலோ எதிரி சிதறினாலோ அவர்கள் வெளியே வருவார்கள்.

1315 மோர்கார்ட்டன் போரில் மலைப்பாதையில் மறைந்திருந்து தாக்க ஹால்பர்ட் போதுமானதாக இருந்தது. 1422 அர்பேடோ போரில், குதிரையிலிருந்து இறங்கிவந்த மிலான் வீரர்களின் நீண்ட ஈட்டிகளுக்கு எதிரே அது எட்டவில்லை. அந்தத் தோல்விக்கு அப்புறம்தான் சுவிஸ்காரர்கள் பைக்கைக் கூட்டினார்கள்.

பதில் 2:
அலகின் வடிவத்தையும் பாருங்கள். வாடிகனின் சுவிஸ் காவலர் படங்களைப் பார்த்து வரைந்தால் காலம் பிசகிவிடும். 1470களின் அலகு பெரும்பாலும் நேரான விளிம்பு கொண்டது. காம்பின் பக்கவாட்டில் இரும்புப் பட்டைகள் இறங்கும். எதிரி காம்பை வெட்டிவிடாமல் அவை காக்கும். கூட்டத்துக்குள் பக்கவாட்டில் சுழற்ற மாட்டார்கள். குத்துவார்கள், மேலிருந்து கீழே இறக்குவார்கள், கொக்கியால் குதிரைவீரனை இழுத்துத் தள்ளுவார்கள். நல்ல இரும்புத் தகட்டுக் கவசத்தை அலகு எளிதில் பிளக்காது. விழுந்தவனுக்கு மூட்டு இடுக்கிலும் முகத்திலும்தான் ஆபத்து.

கேட்டவர்:
மிக்க நன்றி! அப்படியானால் கடைசிப் பக்கம் அப்படியே இருக்கலாமா?

பதில் 1:
என் கருத்து, கூடாது. கிரான்சனில் அப்படி ஒரு வெட்டு நடக்கவில்லை. பீரங்கிக்கு இடம்விட சார்லஸ் குதிரைப்படையைப் பின்னால் இழுத்தார். பின்னால் நின்ற அவருடைய படை அதைப் பின்வாங்கல் என்று நினைத்தது. அதே நேரம் சுவிஸின் பெரும்படை வந்து சேர, கலங்கி ஓடிவிட்டார்கள். துரத்திப் பிடிக்கப் போதிய குதிரைப்படை சுவிஸிடம் இல்லை, அதனால் ஓடியவர்களில் பெரும்பாலோர் தப்பினார்கள். கைவிட்ட முகாமும் பீரங்கிகளும்தான் அகப்பட்டன.

வெட்டிச் சாய்க்கும் காட்சி வேண்டுமென்றால் அதே ஆண்டு ஜூன் 22, முர்த்தன் போருக்குப் போங்கள். அங்கே பர்கண்டிப் படை ஏரிக்கும் சுவிஸ் படைக்கும் நடுவில் மாட்டியது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். நடுவில் நின்ற ஹால்பர்ட்காரர்களுக்கு அங்கேதான் வேலை. பர்கண்டிக்காரர்கள் போட்டிருந்த வேலி அரணைத் தாண்டித்தான் சுவிஸ்காரர்கள் உள்ளே வந்தார்கள், அதையும் வரையுங்கள்.