கடல் படம் எடுத்தேன், சுவரில் மாட்டினால் தலைவலி வருகிறது

களியக்காவிளைக்காரன் கேட்டது:

வீடு களியக்காவிளையில். இந்தப் பக்கம் தேங்காப்பட்டணம், முட்டம். கேரள எல்லை செக்போஸ்டைத் தாண்டினால் பூவார், விழிஞ்ஞம். பத்து வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்த கடல் படங்கள் ஹார்ட் டிஸ்கில் தூங்குகின்றன. ஹாலில் சோபாவுக்கு மேலே ஏழடிச் சுவர் காலியாகக் கிடக்கிறது. மூன்று படம் மாட்ட ஆசை.

போன மாதம் முட்டத்து அஸ்தமனம் ஒன்றை ஸ்டுடியோவில் கொடுத்து, 20-க்கு 30 இன்ச், பளபளப்புப் பேப்பரில் போட்டேன். லேப்டாப்பில் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. பிரிண்டில் பாறையெல்லாம் கரிக்கட்டை. வானம் கோயில் கொடைப் பந்தல் மாதிரி ஒரே ஆரஞ்சு. போதாக்குறைக்கு எதிர்ச்சுவர் ட்யூப்லைட் நடுக்கடலில் நீளமாகக் கிடக்கிறது. "இதுக்குக் கீழ இருந்தா தலை வலிக்குது" என்று வீட்டில் சொல்ல, படம் இப்போது மாடிப்படிக்கு அடியில். கேமரா 24 மெகாபிக்சல், கேமரா பதிந்தபடியே இருக்கும் ரா ஃபைலும் உண்டு. பார்த்தால் மனசு அடங்க வேண்டும், அவ்வளவுதான். எங்கே தப்பினேன்?

பிரிண்ட்பிரியன்:

அண்ணாச்சி, கறுத்துப் போனதற்கு லேப்டாப் வெளிச்சம்தான் காரணமாக இருக்கும். முழுசாக ஏற்றி வைத்துத் திருத்தியிருப்பீர்கள். காகிதம் தானாக ஒளிராதே. பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, இரண்டும் ஒரே வெளுப்பாகத் தெரிகிற வரை திரையை இறக்கிவிட்டுத் திருத்துங்கள்.

அளவில் குறை இல்லை. 24 மெகாபிக்சல் என்றால் நீளவாக்கில் 6000 புள்ளி. 30 இன்ச்சில் போட்டால் 200 டிபிஐ, அதாவது இன்ச்சுக்கு 200 புள்ளி வருகிறது, நாலடி தள்ளி நின்று பார்க்க அது தாராளம். ஆனால் கடைக்கு வாட்ஸப்பில் போட்டோவாக அனுப்பிவிடாதீர்கள், சுருக்கிவிடும். பென்டிரைவில் கொடுங்கள். பேப்பர் பளபளக்காத மேட் ரகம் போதும்.

கொளச்சல் கரைக்காரர்:

தம்பி, பேப்பரை மாற்றினாலும் அந்தப் படம் அமைதியாகாது. அஸ்தமனம் போஸ்டருக்கு ஆகும், தினமும் பார்க்கிற சுவருக்கு ஆகாது. இது என் பிடிவாதம், திட்டுகிறவர்கள் திட்டட்டும்.

என் வீட்டில் இருப்பது ஜூன் மாதக் காலை, தேங்காப்பட்டணம் பொழிமுகம். குழித்துறை ஆறு கடலில் சேர்கிற இடம். நம் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம். மழை மேகமும் மூடியிருக்கும். படத்தில் முக்கால்வாசி வானம். கழுவின சிலேட் நிறம். கீழே ஆற்றுத் தண்ணீர் செம்மண் கலங்கலாய்க் கடலுக்குள் நாக்கு நீட்டியிருக்கிறது. கரையில் கவிழ்த்துப் போட்ட ஒரு வள்ளம். வேறொன்றும் இல்லை. விருந்தாளிகள் முதலில் "வெறும் வானமா?" என்பார்கள், அப்புறம் அதையே பார்த்துக்கொண்டு காப்பியை ஆறவிடுவார்கள்.

உங்கள் டிஸ்கில் "டல்லா இருக்கு" என்று ஒதுக்கினவற்றைத் தேடுங்கள். மூன்றிலும் தொடுவானம் ஒரே உயரத்தில் வருகிற மாதிரி வெட்டுங்கள்; ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் கண் அலையும். நிறத்தை இன்னும் கொஞ்சம் குறைக்கலாம், கூட்ட வேண்டாம்.

மரஆசாரி மகன்:

ஃப்ரேம் விஷயம் என் பங்கு. நம் ஊருக்கு இரண்டு மழைக்காலம். கண்ணாடியும் படமும் ஒட்டிக்கொண்டால் பூஞ்சை நிச்சயம். நடுவில் மவுன்ட் போர்டு, அதாவது படத்தைச் சுற்றி வருகிற கெட்டி அட்டை, வைக்கச் சொல்லுங்கள், அமிலம் இல்லாத ரகம். ஃப்ரேமின் பின்மூலைகளில் சின்ன ரப்பர் துண்டு ஒட்டினால் சுவருக்கும் அதற்கும் இடையில் காற்றோடும். சாயங்கால வெயில் நேரே விழுகிற சுவர் என்றால் வேறு சுவர் பாருங்கள், நிறம் வெளிறும். 12-க்கு 18 படம் மூன்று படுக்கைவாக்கில், சுற்றி இரண்டு இன்ச் மவுன்ட், இடைவெளியும் சேர்த்து ஏறக்குறைய ஆறடி வரும். உங்கள் சுவருக்குச் சரி.

களியக்காவிளைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி தேடியதில் பூவாரில் நெய்யாற்று முகத்துவாரத்தில் எடுத்த ஒன்று கிடைத்தது. மழைக்கு முந்தின வெளுத்த வானம், மணல்திட்டு, ஒரு கொக்கு. அழிக்க வைத்திருந்தேன். ஏ4 மேட்டில் சோதனைப் பிரிண்ட் போட்டு டேப்பால் சுவரில் ஒட்டியிருக்கிறேன். காலையில் வீட்டில் கேட்டார்கள்: "இந்தக் கொக்கு எங்க நின்னது?" ஆரஞ்சுப் படத்தைப் பற்றி யாரும் எதுவும் கேட்டதில்லை. மற்ற இரண்டையும் தேடிக்கொண்டிருக்கிறேன்.