ஜோன் நல்லவர்தானே, ரீச்சர்?

கேள்வி: கிளிநொச்சி ஆங்கில ரீச்சர்

உயர்தரப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். சனிக்கிழமை பின்னேரங்களில் பாடத்திட்டத்துக்கு வெளியே ஏதாவது ஒரு கதை வாசிப்போம். பதினொரு பெண் பிள்ளைகள், ஐந்து பெடியள். இந்த மாதம் எடுத்தது சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் எழுதி 1892-இல் வெளிவந்த 'மஞ்சள் சுவர்த்தாள்'. ஆங்கிலத்தைப் பக்கத்தில் வைத்து நானே தமிழில் எழுதி, போட்டோக்கொப்பி அடித்துக் கொடுத்தேன்.

தெரியாதவர்களுக்குக் கதை இதுதான். பிள்ளை பெற்ற ஒரு பெண்ணுக்கு மனம் சரியில்லை. புருசன் ஜோன் ஒரு டொக்டர். ஓய்வு எடுத்தால் சரியாகிவிடும் என்று ஒரு பழைய பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்து, மேல்மாடி அறையில் அவளை வைக்கிறார். சன்னலுக்குக் கம்பி, தரையோடு ஆணி அடித்த கட்டில். எழுதக் கூடாது. அவளோ ஒளித்து ஒளித்து எழுதுகிறாள், நாங்கள் வாசிப்பது அதைத்தான். சுவரில் ஒட்டியிருக்கும் மஞ்சள் தாளின் கோலத்துக்குப் பின்னால் ஒரு பெண் அடைபட்டு ஊர்ந்து திரிவது அவளுக்குத் தெரியத் தொடங்குகிறது.

முதல் தடை சுவர்த்தாள். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேரின் வீட்டில் சுவருக்குப் பூச்சே இன்னும் பூசவில்லை, இதில் தாளுக்கு எங்கே போவது? போனில் படம் காட்டினேன், "கலியாண மண்டபம் மாதிரி" என்றார்கள். பிறகு என் கதையைச் சொன்னேன். 2009-இல் செட்டிகுளத்து இடம்பெயர்ந்தோர் முகாமில் எனக்கு அவர்களின் வயது. மத்தியான வெயிலில் கூடாரத்துக்குள் மல்லாந்து கிடந்தால் பார்க்கத் தறப்பாள் மட்டும்தான். அந்தப் பின்னலில் கட்டம் கட்டமாக எண்ணுவேன். ஒரு மூலையில் தையல் பிரிந்து நூல் தொங்கும். ஒரு நாள் அது ஒரு கிழவியின் நாடியாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு எவ்வளவு முயன்றாலும் அதை வெறும் நூலாகப் பார்க்க முடியவில்லை. இதைச் சொன்னதும் வகுப்பு கப்சிப். சுவர்த்தாள் விளங்கிவிட்டது.

என் சிக்கல் அதற்குப் பிறகுதான். ஜோனைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். ஒரு பிள்ளை எழும்பி, "ஜோன் நல்லவர்தானே, ரீச்சர்? குடிக்கிறேல்ல, அடிக்கிறேல்ல, மனிசிக்காகக் காசு செலவழிச்சு வீடெல்லாம் எடுத்திருக்கிறார்" என்றாள். கை உயர்த்தச் சொன்னேன், பதினாறில் பதினான்கு பேர் ஜோன் பக்கம். ஒரு பெடியன், "அவாவைத் தெல்லிப்பழைக்குக் கொண்டு போயிருக்க வேணும்" என்று, அங்கத்தைய ஆஸ்பத்திரி மனநலப் பிரிவை நினைத்துச் சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அவளின் வீட்டில் ஒரு பெரியம்மா இருக்கிறா, வெளியில் வருவதில்லை என்று ஊரில் கதை.

ஜோன் கெட்டவர் என்று நான் சொல்லிக் கொடுத்தால் குறித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். குடிக்காத புருசனே பெரிய வரம் என்று பார்த்து வளர்ந்த பிள்ளைகளிடம் இந்தக் கதையை எப்படிக் கொண்டு போவது? அந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசிக்கலாமா?

பதில் 1: ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை, முள்ளியவளை

தங்கச்சி, ஜோனைக் கெட்டவர் ஆக்கவே வேண்டாம். ஆக்கினால் கதை செத்துவிடும். அந்தாள் உண்மையிலேயே அன்பானவர், கதையின் பயங்கரமே அதுதான்.

கரும்பலகையில் ஒரு கோடு போட்டு இரண்டு நிரல் எடுங்கோ. ஒரு பக்கம் அவள் கேட்டது, மற்றப் பக்கம் கிடைத்தது. கீழே ரோசாக் கொடி படர்ந்த அறையைக் கேட்கிறாள், மேல்மாடி அறை கிடைக்கிறது. தாளை மாற்றச் சொல்கிறாள், முதலில் ஓம் என்றவர் பிறகு இதற்கெல்லாம் இடம் கொடுத்தால் கூடிப்போகும் என்கிறார். சொந்தக்காரரிடம் போய்வரக் கேட்கிறாள், அழுகை வந்துவிடுகிறது. அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் கிடத்தி, தலை களைக்கும்வரை வாசித்துக் காட்டுகிறார். வீட்டை விட்டுப் போவோம் என்கிறாள், வாடகை முடிய இன்னும் மூன்று கிழமை இருக்கிறதாம். நிரலைப் பிள்ளைகளே நிரப்பட்டும், நீங்கள் வாயே திறக்க வேண்டாம்.

இன்னொன்று. கடைசியில் அறைத் திறப்பை அவள் வெளியே எறிகிறாளே, அது வாழையிலைக்குக் கீழே கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களா? ஆங்கிலத்தில் plantain என்று இருக்கிறது, எங்கட அகராதி பார்த்தால் அப்படித்தான் வரும். அமெரிக்கக் குளிரில் வீட்டுப் படிக்கட்டடியில் வாழை ஏது? அதே பெயரில் அங்கே தரையோடு தரையாக முளைக்கும் ஒரு களைச்செடி இருக்கிறது. நானும் ஒரு காலம் வாழை என்றுதான் நினைத்தேன், சிரிக்காதேங்கோ.

பதில் 2: குடும்பநல மாது

ரீச்சர், நான் இலக்கியக்காரி இல்லை. மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைப்பெற்ற தாய்மாரைப் பார்க்கிறவள். உங்கள் பிள்ளைகள் ஜோனைப் பற்றிக் கதைத்தார்கள், சரி. கைக்குழந்தையைப் பற்றி யாராவது கதைத்தார்களா? குழந்தையோடு தன்னால் இருக்க முடியவில்லை, பதற்றமாக வருகிறது என்று அவள் எழுதுகிறாள். கதை முழுக்க அந்தக் குழந்தை பற்றி இரண்டு மூன்று இடத்தில்தான் வருகிறது. எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது.

பேறுக்குப் பிறகு வரும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்விகள் உண்டு, 1987-இல் வந்தது. பத்தாவது, தனக்குத் தானே தீங்கு செய்யும் எண்ணம் வந்ததா என்பது. கேட்கத் தாளோடு போனால் நடப்பதைச் சொல்கிறேன். தாய் வாய் திறக்க முதல் மாமி சொல்லுவா: "அவள் நல்லாத்தான் இருக்கிறாள், காயச்சரக்கெல்லாம் ஒழுங்காக் குடுக்கிறம், பாருங்கோ உடம்பு வைச்சிருக்கு." ஜோனும் இதைத்தானே சொல்கிறார்? நான் டொக்டர், எனக்குத் தெரியும், உனக்குச் சதை வைத்திருக்கிறது, நிறம் வந்திருக்கிறது என்று. அவள் தன் நிறை ஒரு துளியும் கூடவில்லை என்கிறாள். நான் மாமியிடம் குடிக்கத் தண்ணீர் கேட்பேன். அவ குசினிக்குள் போய் வரும் அந்த இரண்டு நிமிசத்துக்குள்தான் பத்துக் கேள்வியும்.

அந்தப் பிள்ளையை எழுப்பிக் கேள்வி கேட்காதேங்கோ. பெரியம்மா கதையை நீங்களாக எடுக்கவும் வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 தொலைபேசி இலக்கத்தைக் கரும்பலகை மூலையில் எல்லாருக்கும் பொதுவாக எழுதி விடுங்கோ. தெல்லிப்பழை என்று சிரித்த பெடியனுக்கு, அங்கே போய் மருந்து எடுத்துக்கொண்டு வயலும் வீடும் பார்க்கிற ஆட்கள் அவன்ர ஒழுங்கையிலேயே இருப்பினம் என்று மட்டும் சொல்லுங்கோ.

பதில் 3: செயற்கைக்கால் பட்டறையில் வேலை செய்பவர்

அக்கா, கதைக்குள் ஜோன் மனைவியை வெயர் மிச்சலிடம் அனுப்பப் போவதாக வெருட்டுவார். அவர் உண்மையான ஆள், பிலடெல்பியா நரம்பு வைத்தியர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் நரம்பு அறுந்த படைவீரர்களைப் பார்த்தவர். வெட்டி எடுத்த காலில் வலி எடுப்பதற்கு இன்று டொக்டர்மார் சொல்லும் 'phantom limb' (மாய உறுப்பு) என்ற பெயரை 1871-இல் வைத்தவரும் அவர்தான். என்னிடம் கால் அளவு கொடுக்க வருகிறவர்கள், இல்லாத பெருவிரல் கடிக்கிறது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். சொறிய ஒன்றுமில்லை.

எனக்கு விளங்காதது இதுதான். இல்லாத காலில் வலி என்று ஆம்பிளை சொன்னபோது நம்பிய அதே மனிசன், இருக்கிற மனத்தில் வலி என்று கில்மன் 1887-இல் போனபோது அவரைப் படுக்கையில் போட்டார். பிறகு வீட்டுக்கு அனுப்பும்போது, குழந்தையோடேயே இரு, ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் மூளை வேலை வேண்டாம், உயிருள்ளவரை பேனையைத் தொடாதே என்று சொல்லிவிட்டார். களைத்த ஆம்பிளைகளை மேற்குப் பக்கம் குதிரை ஓடவும் மாடு மேய்க்கவும் அனுப்பியிருக்கிறார்! கில்மன் மூன்று மாதம் சொன்னபடி இருந்து, புத்தி பேதலிக்கும் விளிம்புவரை போனாராம். 1913-இல் அவரே எழுதியிருக்கிறார். பெடியளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கோ.

கேட்டவர் மீண்டும்

மூன்று பேருக்கும் நன்றி. நேற்று இரண்டு நிரல் எடுத்தோம். கிடைத்தது என்ற பக்கத்தில் மீன் எண்ணெய், சத்து மருந்து, இறைச்சி, முத்தம் என்று நிறைந்து போனது. கேட்டது ஒன்றாவது அந்தப் பக்கம் இருக்கிறதா என்று தேடினார்கள். ஜோனுக்குக் கை உயர்த்திய பிள்ளை, "நல்லவர்தான், ஆனா இவர் ஒருக்காலும் என்ன வேணும் எண்டு கேக்கேல்லயே" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. பெடியளில் இரண்டு பேர் இன்னும் ஜோன் கட்சி. இருக்கட்டும்.

பிறகு, ஜோனின் தங்கை ஜெனி எழுதுவதாக ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். வீட்டைப் பார்த்துக்கொள்வது அவள்தான், உடுப்பெல்லாம் மஞ்சள் கறை பிடிக்கிறது என்று கண்டுபிடிப்பதும் அவள்தான். சிரிக்காத பிள்ளை கிணற்றடியில் உடுப்புத் தோய்ப்பதாக எழுதியிருந்தாள். தோள்மூட்டில் கறை, எவ்வளவு சவர்க்காரம் போட்டும் போகவில்லை. சுவரில் தோளை உரசிக்கொண்டு நடக்கிற ஆளுக்குத்தான் அந்த இடத்தில் கறை வரும் என்று ஒரு வரி. அப்படித் தோள் உரசுவது கதையின் கடைசிப் பக்கத்தில்தான் வருகிறது, அதை நான் இன்னும் கொடுக்கவே இல்லை.

அடியில், "ஜெனி ஏன் அண்ணனிடம் சொல்லவில்லை?" என்று சிவப்புப் பேனையால் கேட்டிருந்தேன். கொப்பியைத் திரும்பத் தரும்போது பென்சிலால் எழுதியிருந்தாள்: "அண்ணர் அவா நித்திரை கொள்ளுறாவோ எண்டுதான் கேட்டவர். உடுப்பைப் பற்றிக் கேக்கேல்ல."

கடைசிப் பக்கம் வாற சனி. 1926-ஐ மூலையில் எழுதியாயிற்று. வாழையிலையை வெட்டிவிட்டுக் களைச்செடி என்று போட்டிருக்கிறேன் அக்கா, ஆனால் முதல் கொப்பியும் இருக்கட்டும் என்று இரண்டையும் கொண்டு போகிறேன்.