அப்பாவால் தரையிலிருந்து எழ முடியவில்லை, பிசியோதெரபி உண்மையில் உதவுமா?

தஞ்சைக்காரன்:
வணக்கம். அப்பாவுக்கு 74 வயது, ஓய்வுபெற்ற தபால்காரர், சைக்கிளிலேயே ஊரைச் சுற்றியவர். இரண்டு முழங்காலிலும் தேய்மானம். தரையில் உட்காராதீர்கள், மாடி ஏறாதீர்கள் என்று டாக்டர் சொன்னாலும் சொன்னார், அதிலிருந்து எதுவுமே செய்வதில்லை. ஈசி சேர், டிவி, கட்டில், அவ்வளவுதான். போன மாதம் பூஜை அறையில் விளக்கேற்றக் குனிந்தவர் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். அடி ஒன்றும் இல்லை, ஆனால் எழ முடியவில்லை, நானும் பக்கத்து வீட்டுத் தம்பியும்தான் தூக்கி நிறுத்தினோம். இப்போது பாத்ரூம் போகக்கூட அம்மா கூட வரவேண்டும். ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போகிறேன், முழங்காலில் கரண்ட் வைத்து மெழுகு ஒத்தடம் கொடுத்து அனுப்புகிறார்கள், அன்றைக்கு வலி குறைகிறது, நடையில் மாற்றமே இல்லை. இந்த வயதில் காலுக்குப் பலம் திரும்புமா, இல்லை பணம்தான் வீணா? பேசாமல் ஒரு வாக்கர் வாங்கிவிடலாமா?

நெல்லை பிசியோ:
பலம் திரும்பும் சார். 1990இல் வெளிவந்த ஆய்வு ஒன்று எங்கள் படிப்பில் எல்லோருக்கும் தெரியும்: அமெரிக்காவின் பாஸ்டனில் முதியோர் இல்லத்தில் இருந்த, 90 வயதை ஒட்டிய சிலருக்கு 8 வாரம் காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள், தொடை பலம் இரண்டு மடங்குக்கும் மேலே போனது. உங்கள் அப்பா அவர்களுக்கெல்லாம் தம்பி.

கரண்ட், மெழுகு எல்லாம் வலியைத் தணித்துப் பயிற்சிக்குத் தயார் செய்ய மட்டும்தான். அதோடு அனுப்பிவிட்டால் பாதி வேலைகூட ஆகவில்லை. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழுகிறார் என்று அங்கே யாராவது எண்ணினார்களா? 70 முதல் 74 வயது ஆணுக்கு 12க்குக் கீழே என்றால் கால் பலம் போதாது. அப்புறம், நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து உண்டு. இந்த இரண்டையும் பார்க்காத இடத்தை மாற்றிவிடுங்கள்.

வீட்டில் சுவரோரம் நாற்காலியைப் போட்டு, மேலே கெட்டியான குஷன் வைத்து உயரம் கூட்டி, உட்கார்ந்து எழச் சொல்லுங்கள், பழகப் பழக உயரத்தைக் குறைக்கலாம். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, உட்கார்ந்தபடி கணுக்காலில் மணல் பை கட்டி காலை நீட்டுவது, இவை போதும் ஆரம்பத்துக்கு. செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பயப்பட வேண்டாம்; மறுநாளும் வலி கூடியிருந்தாலோ மூட்டு வீங்கினாலோ அளவைக் குறையுங்கள். அதற்கு முன்னால் படுத்த நிலையிலும் எழுந்து நின்ற பிறகும் பிரஷர் பார்த்துவிடுங்கள், தூக்க மாத்திரை போடுகிறாரா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். திடீரென்று ஒரு பக்கம் பலம் போனால், சிறுநீர் கட்டுப்பாடு போனால் பிசியோவிடம் வராதீர்கள், நேராக ஆஸ்பத்திரி.

மதுரை மீனா:
சார் சொன்னதோடு, தரையிலிருந்து எழுவதையே தனியாகப் பழகித்தரச் சொல்லுங்கள் அண்ணா, அதைக் கேட்டு வாங்க வேண்டும், யாரும் தானாகச் சொல்லித்தருவதில்லை. எங்கள் அம்மாவுக்கு மெத்தை விரித்துத்தான் பழக்கினார்கள். ஒருக்களித்துத் திரும்பி, முழங்கையை ஊன்றி, தவழும் நிலைக்கு வந்து, ஆடாத நாற்காலியிலோ கட்டிலிலோ இரண்டு கையையும் வைத்து, பலமுள்ள காலை முன்னால் ஊன்றி எழ வேண்டும். விழுந்தால் எழுந்துவிடலாம் என்று தெரிந்த பிறகுதான் அம்மாவுக்கு நடக்கவே தைரியம் வந்தது. நீங்கள் அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள், அவருக்குத் தோளும் போகும், உங்களுக்கு இடுப்பும் போகும்.

கிருஷ்ணகிரி வாசி:
கிளினிக்குக்கு அலைய முடியாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தேவைப்படுபவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபி உண்டு, 2021 ஆகஸ்ட் 5 அன்று எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கினார்கள். வாக்கரைப் பற்றி ஒரு வார்த்தை: அளந்து பார்க்காமல் கடையில் வாங்காதீர்கள். பல பேருக்குக் கைத்தடியே போதும், பிடி மணிக்கட்டு உயரத்தில் இருக்க வேண்டும், அதிகம் வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும் (நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் வலிக்கிற பக்கத்திலேயே பிடிக்கிறார்கள்). பாத்ரூமில் கைப்பிடி, வழியில் கிடக்கும் மிதியடியை எடுப்பது, வேட்டியை மடித்துக் கட்டுவது, இவற்றை இன்றே செய்யலாம்.

தஞ்சைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. நாற்காலிச் சோதனை செய்து பார்த்தோம், கையை ஊன்றித்தான் எழுகிறார், அப்படியும் 5 தான் வந்தது.

நெல்லை பிசியோ:
கை ஊன்றினால் அந்தச் சோதனையில் கணக்கு பூஜ்யம் சார், அதை அவரிடம் சொல்ல வேண்டாம். பயிற்சியைக் கை ஊன்றியே தொடங்குங்கள், இரண்டு கை, பிறகு ஒரு கை, பிறகு விரல் நுனி. வாரம் மூன்று நாளாவது விடாமல் செய்துவிட்டு ஒரு மாதம் கழித்து மறுபடி எண்ணிப் பாருங்கள், எண்ணிக்கையை இங்கேயே போடுங்கள்.