கால்ல ரத்த ஓட்டம் கம்மி ஆயிட்டா பொறவியிலயே ஸ்டாமினா இருக்கறவங்களுக்குத்தான் தேறுமா?

பாலக்கோட்டான்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 63 வயசு, சுகர் இருக்கு, பீடி சின்ன வயசுப் பழக்கம். கொஞ்ச மாசமா தக்காளி மார்க்கெட்டுல இருந்து பஸ் ஸ்டாண்ட் வர்றதுக்குள்ள ரெண்டு மூணு எடத்துல நின்னுடறாரு, கெண்டைக்கால் சதை இறுக்கிப் புடிக்குதாம், கொஞ்ச நேரம் நின்னா விட்டுடுது, மறுபடி நடந்தா அதே எடத்துல மறுபடி புடிக்குது. டாப்ளர் எடுத்துப் பாத்ததுல தொடை ரத்தக்குழாய்ல அடைப்பு. கணுக்கால் பிரஷர கை பிரஷரால வகுத்தா 0.6 தான் வருதாம். டாக்டர் இப்போதைக்கு ஆபரேஷன் வேணாம், மாத்திரை சாப்டுங்க, பீடிய விடுங்க, வலி வர்ற வரைக்கும் தெனமும் நடங்கன்னு சொல்லிட்டாரு.

இப்ப என் சந்தேகம் என்னன்னா, எங்க சித்தப்பாவுக்கும் இதே அடைப்பு, ரிப்போர்ட்ல நம்பரும் கிட்டத்தட்ட இதேதான், ஆனா மனுசன் தீர்த்தமலை ஏறி எறங்கறாரு. அவருக்கு சின்னதுல இருந்தே மூச்சு வாங்காது, ஒரு பயிற்சியும் எடுத்தது கெடையாது. அப்பா வாலிபத்துலயே ஏர் ஓட்டப் போனா பாதியில வரப்புல உக்காந்துடுவாருன்னு பாட்டி சொல்லுவாங்க. பொறவியிலயே ஓடற தெம்பு உள்ள எலி, இல்லாத எலின்னு வெச்சு ஆராய்ச்சி பண்றாங்கன்னும் கேள்விப்பட்டேன். அப்ப அந்த வாகு இல்லாத அப்பா நடந்து என்ன பிரயோஜனம்? அவரும் "என் உடம்பு வாகே இதாண்டா, உடு"ன்னு சொல்லிட்டு கயித்துக் கட்டில்ல சாஞ்சுக்கறாரு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஓசூர் பிசியோ:
தம்பி, நீங்க கேட்டதுல பாதி உண்மை இருக்கு, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

அந்த எலிங்க அமெரிக்காவுல காக், பிரிட்டன்னு ரெண்டு விஞ்ஞானிங்க 1996ல ஆரம்பிச்சது. நல்லா ஓடறத நல்லா ஓடறதோடயும், சீக்கிரம் சோர்ந்துடறத அதே மாதிரி எலியோடயும் சேத்து தலைமுறை தலைமுறையா வளத்தாங்க, எதுக்கும் பயிற்சி குடுக்கல. 11 தலைமுறையிலயே ஓடற தெறன்ல ரெண்டு கூட்டத்துக்கும் 347 சதவீதம் வித்தியாசம் வந்துடுச்சுன்னு 2005ல எழுதுனாங்க. ஓடாத கூட்டத்துக்கு பிரஷர் ஜாஸ்தி, இன்சுலின் சரியா வேல செய்யல, தசைக்குள்ள ஆக்சிஜன எரிச்சு சக்தி பண்ற மைட்டோகாண்ட்ரியா சம்பந்தப்பட்ட புரதங்களும் கம்மி. ஆக பொறவி ஸ்டாமினாங்கறது வெறும் நுரையீரல் சமாச்சாரம் இல்ல, ரத்தக்குழாய், தசை எல்லாத்தையும் சேத்தது. கால்ல ரத்தம் கொறையும்போது தாக்குப் புடிக்கறதுக்கும் இதே ரெண்டுதான் வேணும்.

இத சுண்டெலியில நேராவே பாத்திருக்காங்க. தொடை ரத்தக்குழாய கட்டிட்டா பிளாக்6ங்கற வகைக்கு ரத்த ஓட்டம் கொஞ்ச வாரத்துல நல்லாவே திரும்பிடும், பால்ப்சிங்கற வெள்ளை வகைக்கு திரும்பறது ரொம்ப மெதுவு, வெரல், பாதம் அழுகிக்கூட போகும். காரணம் முக்கியமா பக்கக் குழாய்ங்க. தொப்பூர் கணவாய்ல லாரி கவுந்து ரோடு அடைச்சுக்கிட்டா, ஊருக்குள்ள நல்ல தார் ரோடு இருக்கற பக்கம் வண்டிங்க சுத்திப் போயிடும், மாட்டு வண்டித் தடம் மட்டும் இருந்தா அங்கயே நிக்கும், அந்தக் கதைதான். அந்த பக்கக் குழாய் எத்தன, எவ்ளோ அகலம்ங்கறது பெரும்பாலும் பொறவியிலயே வர்றது. அதோட பால்ப்சியோட தசை செல்லே ஆக்சிஜன் கொறைஞ்சா சீக்கிரம் செத்துடுது, ரத்தம் எவ்ளோ வருதுங்கறது வேற, வர்ற ரத்தத்த வெச்சு தசை பொழைக்குதாங்கறது வேற. உங்க சித்தப்பாவுக்கு இந்த ரெண்டுல எதாவது ஒண்ணு, இல்ல ரெண்டுமே நல்லா இருக்கலாம், அதான் அதே நம்பர்ல மலை ஏறறாரு.

ஆனா இத வெச்சு அப்பா நடக்கவே வேணாம்னு முடிவு கட்டறது தப்புக் கணக்கு. நடைப்பயிற்சி பண்றவங்களுக்கு அந்த 0.6 பெருசா ஏறாது, 0.6 அப்படியே நிக்கும், ஆனா நடக்கற தூரம் கூடும். பெரிய குழாய்ல ஒண்ணும் மாறல, மாறுனது தசை. மைட்டோகாண்ட்ரியா கூடுது, நுண்குழாய் கூடுது, ரத்தக்குழாயோட உள்தோல் நல்லா விரியுது, காலை வெச்சு நடக்கற விதமும் சீராகுது. பொறவியில கம்மியா வந்த அதே எடத்துலதான் நடை வேல செய்யுது. என்னக் கேட்டா வாகு இல்லாதவங்கதான் கண்டிப்பா நடக்கணும்.

பென்னாகரம் அக்கா:
பிசியோ சார் சொன்னது சரி, எப்படி நடக்கணும்னு நான் சொல்றேன். எங்க மாமனாருக்கு இதே அடைப்பு, அவரும் பீடி. வெறுமனே நடங்கன்னா யாரும் நடக்க மாட்டாங்கப்பா, தெருவுல இருக்கற கரண்ட் கம்பத்த அளவா வெச்சுக்கிட்டோம். வீட்டு வாசல்ல இருந்து கெளம்புனா மூணாவது கம்பத்துகிட்ட வலி ஆரம்பிக்கும், அங்கயே நிக்கக் கூடாது, நல்லா வலிக்கற வரைக்கும் இன்னும் கொஞ்சம் போகணும், அப்புறம் நின்னு வலி சுத்தமா விட்டதும் மறுபடி கெளம்பணும். நிக்கற நேரத்தையும் சேத்து 30ல இருந்து 45 நிமிசம், வாரத்துல மூணு நாளாவது, 12 வாரம் விடாம. வலிச்சா காலுக்குக் கெடுதல்னு நெனச்சு எங்க மாமியார் ஊர்ல இருக்கற எல்லார்கிட்டயும் பொலம்புனாங்க. நடந்தா மட்டும் வர்ற இந்த வலி தசை ஆக்சிஜன் கேக்கறது, அதுல சதை கெட்டுப் போகாது. சுவத்துல நாள்காட்டி பக்கத்துல எந்தக் கம்பத்துல நின்னாருன்னு கரிக்கட்டையில மாமனாரே எழுதி வெப்பாரு. இப்ப கோயில் வரைக்கும் நிக்காம போறாரு.

பீடிய நிறுத்தாம இது முழுசா பலிக்காது. ஒவ்வொரு பீடிக்கும் குழாய் சுருங்குது, நடந்து சம்பாதிச்சத அங்க தொலைச்சுடுவாரு.

பாலக்கோட்டான்:
ரொம்ப நன்றிக்கா, நன்றி சார். ஒரே ஒரு கேள்வி, பயிற்சி பண்ணியும் சில பேருக்கு உடம்பு ஏறவே ஏறாதுன்னு சொல்றாங்களே, அதுவும் பொறவிதானா? அப்படி இருந்தா ஸ்டென்ட் வெச்சுடலாமான்னு வீட்ல பேசறாங்க.

ஓசூர் பிசியோ:
அதுவும் ஓரளவு பொறவிதான் தம்பி. ஹெரிடேஜ்னு ஒரு ஆய்வு, 98 குடும்பம், 481 பேர், எல்லாருக்கும் ஒரே மாதிரி 20 வாரம் சைக்கிள் பயிற்சி. உடம்பு உள்ள இழுத்து செலவு பண்ற ஆக்சிஜன் சராசரியா நிமிசத்துக்கு 400 மில்லி கூடுச்சு, ஆனா சில பேருக்கு ஒண்ணுமே கூடல, சில பேருக்கு ஒரு லிட்டர் வரைக்கும் கூடுச்சு. அந்த வித்தியாசத்துல கிட்டத்தட்ட பாதி (47 சதவீதம்) குடும்ப வழின்னு கணக்கு போட்டாங்க. அது நல்லா இருக்கற ஆளுங்க மேல பண்ணதுங்கறத மறக்காதீங்க. ஆனா கால் அடைப்புல நடக்கற தூரங்கறது அந்த ஆக்சிஜன் நம்பர் மட்டும் இல்ல, நம்பர் ஏறலன்னாலும் தூரம் கூடலாம். அப்பா எந்தப் பக்கம்னு நடந்து பாத்தாத்தான் தெரியும், ரத்த டெஸ்ட்ல தெரியாது.

ஸ்டென்ட்டுக்கு வருவோம். கிளவர்னு ஒரு டிரையல் 2012ல வந்துச்சு, இடுப்புக் குழாய் அடைப்புல ஒரு கூட்டத்துக்கு ஸ்டென்ட், ஒரு கூட்டத்துக்கு ஆள் பக்கத்துல நின்னு நடக்க வெக்கற பயிற்சி. 6 மாசத்துல டிரெட்மில்லுல நடந்த நேரம் பயிற்சிக் கூட்டத்துக்குத்தான் அதிகமா ஏறுச்சு. ஸ்டென்ட் கூட்டம் அன்றாட வாழ்க்கை நல்லா இருக்குன்னு சொன்னாங்க, அதையும் மறைக்கல. அதனால முதல்ல 12 வாரம் ஒழுங்கா நடக்க வைங்க, அப்பவும் வேலை செய்ய முடியலன்னா டாக்டர்கிட்ட ஸ்டென்ட் பத்திப் பேசுங்க.

கிருஷ்ணகிரி மெடிக்கல் ஷாப்:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், சுகர்னு சொன்னதால எழுதறேன். சுகர்காரங்களுக்கு ரத்தக்குழாய் சுண்ணாம்பு படிஞ்சு இறுகியிருந்தா கணுக்கால் நம்பர் இருக்கறத விட ஜாஸ்தியா காட்டும், கால் வெரல் பிரஷரும் பாக்கச் சொல்லிக் கேளுங்க. நடக்கறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் பாதத்த திருப்பி வெரல் சந்து உள்பட பாருங்க, மரத்துப் போன காலுக்கு முள்ளு ஏறுனதே தெரியாது, செருப்பு இல்லாம வயல்ல எறங்க விடாதீங்க, சுடுதண்ணி ஒத்தடமும் வேணாம். ராத்திரி படுத்தா வலிச்சு காலத் தொங்கப் போட்டா கொறையுதுன்னாலோ, ஆறாத புண்ணு, வெரல் கறுப்பாகறதுன்னாலோ நடைய நிறுத்திட்டு ஒடனே ஆஸ்பத்திரி. திடீர்னு கால் சில்லிட்டு வெளுத்து உணர்ச்சி போச்சுன்னா மணிக்கணக்குல தாமதிச்சாலே கால் போயிடும், 108 கூப்பிடுங்க. இந்த நடை வலிக்குக் குடுக்கற சிலோஸ்டசோல் மாத்திரைய எழுதியிருந்தா, அப்பாவுக்கு ஹார்ட் ஃபெயிலியர் இல்லைன்னு டாக்டருக்குத் தெரியணும், இருந்தா அத சாப்பிடவே கூடாது.

வீட்ல நடக்க வெக்க ஆள் இல்லன்னா மக்களைத் தேடி மருத்துவம்ங்கற அரசுத் திட்டத்துல வர்றவங்ககிட்ட கேளுங்க, எங்க கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியிலதான் 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சாங்க, பிரஷர், சுகர் மாத்திரையோட பிசியோவும் அதுல வீட்டுக்கே வர்றாங்க.

பாலக்கோட்டான்:
காலையில வெறும் வயித்துல நடக்க வெக்கலாமா? இன்சுலின் போடறாரு.

கிருஷ்ணகிரி மெடிக்கல் ஷாப்:
வேணாம். களியோ இட்லியோ கொஞ்சம் சாப்டுட்டு ஒரு மணி நேரம் கழிச்சு நடக்கட்டும், சட்டப் பையில நாலு குளுக்கோஸ் பிஸ்கட் இருக்கணும். இன்சுலின் அளவ நீங்களா கொறைக்காதீங்க, நடக்க ஆரம்பிச்ச விஷயத்த டாக்டர்கிட்ட சொல்லுங்க, அவரு பாத்து மாத்துவாரு.