‘கிட்நாப்ட்’ நாவலில் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் இடம் எது? – வாசகர் அனுபவங்கள்

செம்மண்காரன்

ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் ‘கிட்நாப்ட்’ பற்றிப் பேச்செடுத்தாலே எல்லாரும் கப்பலின் மேல்தள அறையில், நாயகனின் தோழனான ஆலன் பிரெக் வாள் சுழற்றிய சண்டைக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்தச் சண்டை பாதி மறந்துபோயிற்று. ஏரெய்ட் தீவு மட்டும் மறக்கவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் இதன் சுருக்கப் பதிப்பு எங்களுக்கு ஆங்கிலத் துணைப்பாடம். அதுவரை நான் கடலைப் பார்த்ததில்லை. கப்பல் உடைந்து, கதை நாயகனான டேவிட் பால்ஃபர் அந்தத் தீவில் தனியே ஒதுங்கியதும், அவன் சிக்கிக்கொண்டான் என்று நானும் உறுதியாக நம்பிவிட்டேன். பச்சைச் சிப்பிகளைத் தின்று குமட்டி, மழையில் நடுங்கி, எதிர்க்கரையில் தெரிந்த புகையை அவன் ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்த இடத்தை ஆசிரியர் வாசித்தபோது, கடலோர ஊரிலிருந்து விடுதிக்கு வந்திருந்த மாணவன் ஒருவன் பின்வரிசையில் பலமாகச் சிரித்தான். காரணம் கேட்ட ஆசிரியரிடம், “தண்ணி வத்தினா நடந்தே போயிடலாமே சார்” என்றான். வாயை மூடு என்று அவனை உட்கார வைத்தார்கள். இரண்டு பக்கம் தள்ளி, படகில் வந்த மீனவர்களும் டேவிட்டைப் பார்த்து அதே காரணத்துக்காகச் சிரித்தார்கள்.

முப்பது ஆண்டுகள் கழித்து முழு நூலையும் படித்தேன். கடலோரத்தில் வளர்ந்த பையனாக இருந்திருந்தால் ஒரு நாள்கூட அங்கே தங்கியிருக்க மாட்டான் என்று டேவிட்டே சொல்கிறான். அவனோ ஏறக்குறைய நூறு மணி நேரம் பட்டினி கிடந்தான். எங்கள் சுருக்கப் பதிப்பில் அந்த வரி இல்லை. வகுப்பில் அதைச் சொன்ன ஒரே ஒருவனை நாங்கள் உட்கார வைத்துவிட்டோம்.

மழைக்காலம்

என்னை உறுத்துவது ஒரு சொல். பத்து வயது மகளுக்கு இந்தக் கதையை இரவுதோறும் தமிழில் சொல்லத் தொடங்கிய நான், இரண்டாம் நாளே நின்றுவிட்டேன். தந்தை இறந்ததும் டேவிட் தேடிப் போகும் எபனேசர் அவனுக்குப் பெரியப்பாவா, சித்தப்பாவா?

ஆங்கிலத்தில் ‘அங்கிள்’ என்று எழுதிவிட்டு ஸ்டீவன்சன் தப்பித்துக்கொள்கிறார். நாவலின் மர்மமே அந்த ஒரு கேள்விதான் என்பது படித்தவர்களுக்குத் தெரியும். ஷாஸ் மாளிகையும் நிலமும் எபனேசரிடம் இருப்பதால், அவர்தான் மூத்தவர் என்று டேவிட் எண்ணுகிறான். பிறகு, எபனேசரின் ஐந்தாவது பிறந்தநாளுக்குத் தன் தந்தை தெளிவான கையெழுத்தில் எழுதிக் கொடுத்த சிறு புத்தகம் ஒன்று அவன் கையில் கிடைக்கிறது. ஐந்து வயது அண்ணனுக்கு அதைவிடச் சிறிய தம்பி எப்படி அவ்வளவு அழகாக எழுதியிருக்க முடியும்? நீங்கள் இருவரும் இரட்டையரா என்று அவன் கேட்டதும் கிழவர் துள்ளியெழுந்து அவன் சட்டையைப் பிடிக்கிறார். அன்றிரவே, கையில் விளக்கில்லாமல் கோபுரத்தின் உச்சியிலிருந்து பெட்டி ஒன்றை எடுத்துவரச் சொல்லி அவனை அனுப்புகிறார். மின்னல் வெட்டும்போது, தன் கால் வெற்றுப் பாதாளத்துக்கு இரண்டு அங்குலம் தள்ளி நிற்பதை டேவிட் பார்க்கிறான்.

தமிழில் நான் முதல் நாளே ‘சித்தப்பா’ என்று சொல்லியிருந்தால், சொத்து மூத்தவரான டேவிட்டின் தந்தைக்கு உரியது என்பதை மகள் அப்போதே கண்டுபிடித்திருப்பாள். ‘பெரியப்பா’ என்றால் நான் பொய் சொன்னவளாகிறேன். உறவுமுறையை இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்து வைத்திருக்கும் மொழியில் இந்தக் கதையை எப்படிச் சொல்வது?

பழைய வாசகர்

அம்மா, நீங்கள் தேவையில்லாமல் குழப்பிக்கொள்கிறீர்கள் என்று தோன்றுகிறது. ‘சித்தப்பா’ என்றே சொல்லிவிடலாம். கொல்லப் பார்க்கிற கிழவரின் குற்றத்தைக் குழந்தைகள் முதல் பக்கத்திலேயே ஊகித்துவிடுகிறார்கள், அதனால் சுவை குறைவதில்லை. என் அனுபவம் சிறியது: மாவட்ட நூலகத்தில் எடுத்த பிரதியில் கடைசி அத்தியாயத்தை யாரோ கிழித்திருந்தார்கள், ஆலனும் டேவிட்டும் பிரிவதை நான் இரண்டு ஆண்டு கழித்தே படித்தேன்.

ஆனால் பிள்ளைகளுக்கு இதை அறிமுகம் செய்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். முதலில், வரைபடம் இல்லாமல் தொடங்காதீர்கள். 1886இல் நூலாக வந்தபோதே அதில் மடிப்பு வரைபடம் ஒன்று சேர்க்கப்பட்டிருந்தது, அது அலங்காரத்துக்காக அல்ல. எடின்பரோவுக்கு அருகே குவீன்ஸ்பெரியில் கடத்தப்படும் டேவிட், ஸ்காட்லாந்தின் வடமுனையைச் சுற்றி மேற்குக் கடலுக்குப் போய், மல் தீவருகே கப்பல் உடைந்து, அப்பின், கிளென்கோ, ரானக் சதுப்பு வெளி, பென் ஆல்டர் வழியாகப் பெரும்பாலும் கால்நடையாகவே புறப்பட்ட இடத்துக்குத் திரும்புகிறான் என்பது கண்ணுக்குத் தெரிந்தால்தான் களைப்பும் தெரியும். இரண்டாவதாக, ஸ்காட்லாந்துப் பேச்சுமொழி வரும் இடங்களை உரக்கப் படியுங்கள், கண்ணால் படித்தால் முள்ளாகக் குத்துவது காதால் கேட்டால் பெரும்பாலும் புரிந்துவிடும். மூன்றாவதாக, முப்பது அத்தியாயங்களையும் ஒரே மூச்சில் முடிக்கச் சொல்லாதீர்கள். சிறுவர் வார இதழான ‘யங் ஃபோக்ஸ்’ 1886 மே முதல் ஜூலை வரை இதைத் தொடராக வெளியிட்டது, ஆகவே காத்திருந்து படிப்பதே இதன் இயல்பு. நான்காவதாக, ஸ்டூவர்ட் வம்சத்தை மீண்டும் அரியணையில் அமர்த்த முயன்ற யாக்கோபியர் 1746இல் கலோடனில் தோற்றதை முன்கூட்டியே இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் ஆலன் ஏன் ஒளிந்து திரிகிறான் என்று பாதிக் கதை வரை கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

ஏழாம் எண் அறை

அறிவுரை கேட்டு நான் வரவில்லை. விடுதியில் என்னோடு தங்கியிருந்தவன் என் தேர்வுக் கட்டணப் பணத்தைச் சீட்டாட்டத்தில் தோற்றான். மறுநாளே மன்னிப்புக் கேட்டான். நான் மூன்று வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் அறையை மாற்றிக்கொண்டு போய்விட்டான்.

வேலைக்குப் போன பிறகுதான் இந்த நாவலைப் படித்தேன். ஒளிந்து வாழும் குலத்தலைவர் க்ளூனியின் மறைவிடத்தில், காய்ச்சலில் கிடக்கும் டேவிட்டிடம் பணம் வாங்கி ஆலன் சீட்டில் இழக்கும் அத்தியாயத்தைப் படித்தபோது புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். அந்தப் பணத்தை க்ளூனி திருப்பிக் கொடுத்துவிட்டபோதும், மலைகளில் பல நாள் டேவிட் கசப்போடு மௌனமாக நடக்கிறான். ஆலன் பணிந்து பேசுவதெல்லாம் அவனுக்கு எரிச்சலையே தருகிறது. கடைசியில் ஆலனை வேண்டுமென்றே இகழ்ந்து, வாளையும் உருவி நிற்கிறான். அவ்வளவு பெரிய வாள்வீரன் தன்னால் முடியாது என்று வாளை எறிந்துவிடுகிறான். அப்போதுதான் டேவிட்டுக்கு ஒன்று புரிகிறது: தான் சொன்ன சொற்களை எந்த மன்னிப்பாலும் அழிக்க முடியாது, ஆனால் உதவி கேட்டால் ஆலன் திரும்பி வரக்கூடும். உதவாவிட்டால் இங்கேயே செத்துவிடுவேன் என்கிறான். அடுத்த கணம் ஆலன் அவனைத் தாங்கிப் பிடித்திருக்கிறான்.

எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவனுடைய தொலைபேசி எண் இப்போதும் என்னிடம் இருக்கிறது.

சாட்சி

பழைய வாசகர் ஐயா வரைபடத்தை இவ்வளவு நம்புவதால் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கப்பல் உடையும் டாரன் பாறைகள் ஏரெய்டுக்கு இவ்வளவு பக்கத்தில் எப்படி வந்தன, அப்பின் கொலை எப்படி 1751இல் நடந்தது என்றெல்லாம் கேட்கக்கூடும் என்று நூலின் சமர்ப்பண உரையில் ஸ்டீவன்சனே எழுதியிருக்கிறார். டப் ஆர்ட்டாக் கலங்கரை விளக்கத்தை அவர் குடும்பத்தார் கட்டிய காலத்தில், 1870இல், அவர் ஏரெய்டில் தங்கியிருந்தார். ஆகவே தெரியாமல் செய்த தவறு அன்று. கதைக்காகப் பாறையை நகர்த்தினார்.

கொலை உண்மையில் நடந்தது 1752 மே 14ஆம் நாள். நிலக்குத்தகை வசூலிக்கும் அரசு முகவராக இருந்த காலின் ராய் கேம்ப்பெல் சுட்டுக் கொல்லப்பட்டார். நாவலில் அன்றிரவு, சந்தேகத்துக்கு ஆளான ஆலனும் டேவிட்டும் ஆலனின் உறவினரான ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் வீட்டுக்கு ஓடுகிறார்கள். வீடு முழுதும் கலங்கிக்கிடக்கிறது, ஆயுதங்களைப் புதைக்கிறார்கள். தன் குடும்பத்தைக் காப்பாற்ற ஆலனின் அடையாளங்களை அறிவிப்பாக வெளியிட்டே ஆக வேண்டும் என்று கைகளைப் பிசைந்துகொண்டே சொல்லும் ஜேம்ஸ், டேவிட்டின் அடையாளங்களையும் சேர்க்க வேண்டும் என்கிறார். பதினான்கு வயதில் இதைப் படித்த நான், அவரைக் கோழை என்று பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்.

கல்லூரியில்தான் மீதியைத் தெரிந்துகொண்டேன். கொலையாளி சிக்காததால் அந்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டையே உடந்தை என்று குற்றம்சாட்டி இன்வெரரியில் விசாரித்தார்கள். 15 ஜூரிகளில் 11 பேர் கொல்லப்பட்டவரின் குலத்தவரான கேம்ப்பெல்கள், நீதிபதிகளுக்குத் தலைமை வகித்தவர் அந்தக் குலத்தின் தலைவரான ஆர்கைல் கோமகன். 1752 நவம்பர் 8 அன்று பலகூலிஷில் ஜேம்ஸைத் தூக்கிலிட்டார்கள். அவருக்காகச் சாட்சி சொல்ல டேவிட் படும் பாட்டை ஸ்டீவன்சன் இதன் தொடர்ச்சியாக 1893இல் வந்த ‘கட்ரியோனா’வில் எழுதினார். என் பிரதியில் பென்சில் எழுத்து அப்படியே இருக்கிறது. அழிக்கப் போனேன், தாள் கிழிந்துவிடும் போலிருந்தது.

அடுப்படி

கப்பலில் எடுபிடியாக இருந்த சிறுவன் ரான்சமைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. கழுவாத குவளையைக் கொண்டுவந்தான் என்பதற்காக, குடிவெறியிலிருந்த மாலுமி அந்தச் சிறுவனை அடித்தே கொன்றுவிடுகிறான். அவன் செய்த எடுபிடி வேலைக்கு உடனே டேவிட்டை அனுப்புகிறார்கள். அவன் படுக்கையில் டேவிட் படுக்க வேண்டியிருந்தது என்பதைப் படித்த நாளில் எனக்கு டேவிட்டின் வயதுதான்.

மழைக்காலம்

பழைய வாசகர் ஐயாவுக்குப் பதில்: ஊகிப்பது வேறு, பேரைச் சொல்லி ஒப்படைப்பது வேறு. நான் கடைசியில் ‘பெரியப்பா’ என்றே சொன்னேன், ஏனெனில் டேவிட் அப்படித்தான் நம்பினான். வழக்கறிஞர் ராங்கைலர் உண்மையை விளக்கும் அத்தியாயம் வந்தபோது, அண்ணன் தம்பி இருவரும் ஒரே பெண்ணை விரும்பியதையும், அண்ணன் பெண்ணை எடுத்துக்கொண்டு சொத்தைத் தம்பிக்கு விட்டதையும் சொன்னேன். மகள் எழுந்து உட்கார்ந்து, “அப்ப அவரு சித்தப்பாவா? நீ பொய் சொல்லிட்டே” என்றாள். டேவிட்தான் அப்படி நம்பினான் என்றேன். அவள் ஏற்கவில்லை. மறுநாள் கதை முடிகிற வரைக்கும் ஒவ்வொரு உறவுமுறைக்கும் என்னை நிறுத்தி, நிஜமாகவா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.